அன்னாசித் தோல்

வித்துராவிலிருந்து பழவண்டி ஆரியசாலைச் சந்துக்குள் நுழையும்போது கிழக்கு வெளுத்திருக்காது. அதற்கு முன்பே எட்டுப் பெண்கள் கைநிறையத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு பலகைகளுக்கு முன் குந்தியிருப்பார்கள். பூசி என்ன பயன்? அன்னாசிச் சாறு பத்தாவது பழத்தில் எண்ணெயைத் தின்னும், நூறாவது பழத்தில் தோலைத் தின்னும். எலிசாளின் விரல்களில் ரேகை அழிந்து நாலு வருஷமாகிறது.

அந்தச் சாற்றைக் குப்பியில் அடைத்துத் துரைமார் கிளப்புக்கும் தம்பானூர் ஓட்டல்களுக்கும் அனுப்பிக் கொழுத்தவர் சாம்பசிவம் பிள்ளை. ஒரு குப்பியின் விலை எலிசாளுக்கு ஆறு நாள் கூலி. பிழிகிறவள் குடிக்கவா குப்பி அடைக்கிறார்கள்? ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. சீவிய தோலும் நடுத்தண்டும் பெண்களுக்கு. சாயங்காலம் ஆளுக்கொரு ஓலைப்பெட்டிக் கடவம் சுமந்துபோய், கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால், குப்பிச் சாறு அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

விஷக்காய்ச்சலில் இருபத்தொரு நாள் கிடந்த எலிசாளின் மகள் லீலாபாய்க்கு இப்போது கஞ்சிகூடத் தங்கவில்லை. தங்கியது அந்தத் தோல்நீர் ஒன்றுதான்.

அன்று காலை சாம்பசிவம் பிள்ளை வந்து நின்றார். இனித் தோலை யாரும் எடுத்துப்போகக் கூடாது, அதைக் காய்ச்சி இரண்டாம் தரம் என்று பாதி விலைக்குக் குப்பி போடப் போகிறோம் என்றார். உள்ளே அண்டாவிலிருந்து கருப்பட்டியும் சுக்கும் மணத்தன. எலிசாளுக்கு அந்த மணம் தெரியும். போன வாரம் முதலாளியம்மா வாலாம்பாள், உன் மகளுக்கு என்ன கொடுக்கிறாய் என்று பரிவாய் விசாரித்தபோது, பக்குவத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்து, ஒரு செம்பு தோல்நீர் கொண்டுவந்தும் கொடுத்தவள் எலிசாள்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

“பிள்ளைக்கி அது மட்டுந்தான் எறங்குது, மொதலாளி. ஒரு பிடி தோலு தந்தா போரும்.”

“பாதி வெலைக்குத்தானே போடுதேன். வாங்கிக் குடேன்.”

தன் கைப்பக்குவத்தைத் தானே மூன்று நாள் கூலிக்கு வாங்க வேண்டும். அவர் உள்ளே போனதும் எலிசாள் மற்றப் பெண்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள். “நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எல்லாருக்க பிள்ளைய வாயிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டேன்.”

நாலு பிள்ளைக்காரியான ரத்னாபாயின் முகம் சிவந்தது. “ஏசுகத பொறவு ஏசுகேன். இப்பம் கத்தியக் கீழ வையி” என்று தன் கத்தியைப் பலகையில் வைத்தாள். எட்டுக் கத்திகளும் இறங்கின.

பிள்ளை வெளியே வந்து கத்தினார். சாலைக் கடைத்தெருவில் கூப்பிட்டால் இந்த வேலைக்கு நூறு பேர் வருவார்கள் என்றார். அது பொய்யில்லை. வண்டியில் பழம் கனிந்து ஈ மொய்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி எலிசாளிடம் வந்தார். “நீ மட்டும் கத்திய எடு. ஒனக்குத் தெனம் ஒரு கடவம் தாரேன். யாரும் கேக்க மாட்டா.”

அவளுக்குக் கத்தியை எடுத்துவிடத்தான் தோன்றியது. வீட்டில் லீலாபாய் காத்துக் கிடக்கிறாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ரத்னாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எட்டு கடவம் வேணும், மொதலாளி” என்றாள் எலிசாள்.  சொன்ன பிறகுதான், தன் பிள்ளையைத் தானே பட்டினி போட்டுவிட்டோமோ என்று அழுதாள்.

ரத்னாபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுக் கொண்டுபோன தோல் தன் வீட்டில் இன்னும் காய்ச்சாமல் கிடக்கிறது, அது லீலாபாய்க்கு என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். ஏழு வீட்டிலும் சேர்த்தாலும் தோல் இரண்டு நாளைக்குத்தான் புளிக்காமல் தாங்கும். அதற்குப் பிறகு என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரும் கத்தியை எடுக்கவுமில்லை.