நாற்பத்தொரு சதவீதச் சுமை

2024 ஜூலை 18, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மும்பை சீத்தா கேம்ப்பில் கரீம் பாட்சாவின் பட்டறையில் நின்றுகொண்டிருந்த ஒரு ஜீப்பின் என்ஜின் சுமை நாற்பத்தொரு சதவீதம்.

நின்றுகொண்டிருந்தது என்பதுதான் சிக்கல். கியர் போடாமல் சும்மா ஓடுகிற என்ஜின் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. கரீம் அந்த அளவைக் காட்டும் ஸ்கேனரைப் பிடுங்கி மறுபடி மாட்டினார். நாற்பத்தொன்று.

வண்டி செம்பூரில் இருக்கும் டென்சிலுடையது. காடுமேடு ஏறுவதற்கென்று வாங்கியது. வாரத்தில் ஐந்து நாள் அவர் வேலை பார்க்கும் வங்கியின் வாசலில் நிற்கும், ஞாயிறானால் கர்ஜத் மலைப் பக்கம் போய்ச் சேற்றில் புரளும். போன ஞாயிறு பாதி மேட்டில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பல் டாக்டர் ஒருவர் கயிறு கட்டி இழுத்தார். அதை யாரோ படம் பிடித்து அவர்களுடைய ஜீப் க்ளப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

நவி மும்பை வாசியில் இருந்த ஒரு பெரிய சர்வீஸ் சென்டர், என்ஜினைப் பிரித்தால்தான் தெரியும் என்றது. கரீமுக்கு ரோஷம் வந்தது. பிரிக்கவே வேண்டாம், சனிக்கிழமைக்குள் நான் கண்டுபிடிக்கிறேன், முடியாவிட்டால் க்ளப்பின் ஒன்பது வண்டிகளும் வாசிக்கே போகட்டும் என்று அதே குழுவில் குரல் பதிவு போட்டார். அந்த ஒன்பது வண்டிகள்தான் பட்டறையின் பாதிப் பிழைப்பு என்பது, பதிவை எல்லோரும் கேட்டு முடித்த பிறகே அவருக்கு உறைத்தது.

வியாழக்கிழமை காற்று ஃபில்டரை மாற்றினார். உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சாரைக் கழற்றி, பச்சைப் பிள்ளைக்குக் காது துடைப்பதுபோலத் துடைத்தார். நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து நான்கு சக்கரங்களையும் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தார்; பிரேக் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. டென்சில் முன்னால் மாட்டியிருந்த ஆறு விளக்குகளின் வயர்களைப் பிடுங்கினார். ஆறும் எரிந்தால் ட்ராம்பே கடலில் படகுகள் குழம்பிப் போகும். அப்போதும் நாற்பத்தொன்று. புதன்கிழமை மாஹிம் மாதா கோயில் நொவேனா ஜெபத்தில் வண்டிக்காகத் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பதாக டென்சிலின் அம்மா ஏஞ்சலம்மாள் சொல்லி அனுப்பினார். அதுவும் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கவில்லை.

மூன்று நாளும் மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் தும்மினாலும் கேட்கவில்லை. ஜீப் நின்ற இடத்தில் தரை காயவே இல்லை. ஒழுகுகிறதென்று கரீம் கூரையைத் திட்டிவிட்டு, ஜீப்பின் பக்கத்தில் ஒரு பெயின்ட் வாளியை வைத்தார். சீத்தா கேம்ப்பில் ஜூலையில் தண்ணீரை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

சனிக்கிழமை காலை டென்சில் வந்து, என்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியைச் சுற்றி நடந்தார்.

"பாய், க்ளப்புல கேக்காங்க. நான் வாசிக்கே கொண்டு போயிரட்டுமா?"

"கொண்டு போம் வே. என்ஜினப் பிரிச்சுப் பொட்டலம் கட்டித் தருவான்."

முன்பக்கம் ஆயில் டப்பாக்கள் விற்கும் கரீமின் மனைவி ரஷீதா, தரைத் தண்ணீரைத் தள்ளிவிட விளக்குமாறோடு வந்தார். வாளியைக் காலால் நகர்த்தினார். அது உருண்டுபோனது.

"ஏங்க, வாளி காஞ்சு கெடக்கு. வண்டிக்கு அடியில மட்டும் தண்ணி நிக்கி. மழ என்ன, அட்ரஸ் கேட்டுட்டா பெய்யுது?"

கரீம் குனிந்து பார்த்தார். சின்னக் குழாய் ஒன்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. விரலை நீட்டினார். சில்லென்றிருந்தது. ஏசித் தண்ணீர்.

ஏசியைத் தான் தொடுவதே இல்லை என்று டென்சில் சத்தியம் செய்தார்; சேற்றில் ஓட்டுகிறவனுக்கு ஏசி எதற்கு என்று க்ளப்பில் அவரே பலமுறை பேசியிருக்கிறார். ஏசி பட்டனில் விளக்கும் எரியவில்லை. கரீமின் பார்வை அதற்கு அடுத்து, காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று திருப்புகிற குமிழுக்குப் போனது. அது முன்கண்ணாடிப் படத்தை நோக்கித் திரும்பியிருந்தது.

"இத எப்பம் வே கண்ணாடிப் பக்கம் திருப்புனீரு?"

"ஜூன்ல. ஆவி அடிக்கும்லா பாய். பாம்பேல எல்லாரும் மழ முடியுற வரைக்கும் அப்படித்தான வச்சிருப்பாங்க."

இந்த ஜீப்பில் குமிழைக் கண்ணாடிப் பக்கம் வைத்தாலே, பட்டனைக் கேட்காமல் ஏசி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கிவிடும். என்ஜின் அதையும் சேர்த்துச் சுமக்கும். கரீமுக்குத் தெரிந்த விஷயம்தான். மூன்று நாளாக அந்தக் குமிழுக்கு முன்னால் உட்கார்ந்தும் அவர் கண்ணில் அது படாததற்குக் காரணம், ஜூன் முதல் அவருடைய சொந்த வேனிலும் அது அங்கேதான் இருந்தது.

குமிழைத் திருப்பினார். முப்பத்து மூன்று. இருபத்தெட்டு. இருபத்து நான்கு. மூன்று பேரும் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரீம் ஃபோனை எடுத்து, கம்ப்ரஸர் கன்ட்ரோலில் ஒரு பெரிய கோளாறு என்று குரல் பதிவைத் தொடங்கினார். ரஷீதா விளக்குமாறோடு அங்கேயே நின்றார்.

"பெரிய கோளாறா?" என்றார்.

கரீம் அதை அழித்துவிட்டு, குமிழ் என்றே மறுபதிவு போட்டார். குழுவில் ஒரு மணி நேரம் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜீப் அந்த மேட்டை நிற்காமல் ஏறியது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்ததால், இறங்கும்போது பாதை காட்ட நட்டிருந்த மூன்று கொடிக்கம்புகளைச் சாய்த்தது. வெளி வண்டிகளும் சேர்த்துப் பதினான்கு வண்டிகளில் பதினொன்றாவது இடம். க்ளப்பின் ஒன்பது வண்டிகளில் ஏழு கரீமிடமே இருந்தன. இரண்டு வாசிக்குப் போயின.