பெட்டிச் செய்தியில் ஒரு பெண்

1

ஒரு பழைய செய்தித்தாளைப் பார்த்ததும் இந்தக் கதை தோன்றியது என்று எழுதத்தான் ஆசை. கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் இது வெட்கத்தில் பிறந்தது. கதையில் வரும் அறிக்கைக்காரர் நான்தான். ‘நான்’ என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்கு நானே வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டேன். ஆகவே இனி அவர் ‘அவர்’.

2

[மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பெண்மணி...]

மழை இல்லை. அடித்துவிட்டேன்.

சட்டத்தை மாற்றுங்கள் என்று அரசாங்கத்தின் பின்னால் நடையாய் நடக்கும் ஓர் அமைப்பில் அறிக்கை எழுதுவது அவருக்கு வேலை. மூன்று அறை, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாற்பது பக்கப் புள்ளிவிவரத்துக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டிச் செய்தி வைப்பார்கள். அதில் பெயர் மாற்றிய யாரோ ஒருவரின் கதை இருக்கும். சட்டமன்ற உறுப்பினர்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

வீட்டு வேலை செய்பவர்களைத் திடீரென்று வெளியேற்றக் கூடாது என்று கேட்ட அறிக்கைக்கு அவரிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சமையல்காரம்மா. ஒரே வீட்டுக்குப் பதினொரு வருஷம் காலையில் போய் மாலையில் திரும்பியவர். நோயில் விழுந்ததும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னொருவர் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா. வீட்டோடு தங்கியிருந்தவர், ஒன்றரை வருஷத்தில், ஒரே பகலில், துணிப்பையோடு தெருவில் நின்றவர்.

தனித்தனியாகப் பார்த்தால் இருவர் கதையும் கொஞ்சம் சப்பென்று இருந்தது. (இந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்தேன். ஆனால் அவர் நினைத்தது இதைத்தான்.) அதனால் இருவரையும் ஒருவராக்கினார். பதினொரு வருஷம் ஒரே வீட்டில் தங்கி உழைத்தவர் ஒரே பகலில் தெருவுக்கு வந்தார். அதைப் படித்துவிட்டு அமைப்பின் இயக்குநர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

3

வீட்டுக்காரர்கள் சங்கம் எகிறிக் குதித்தது. நேற்று வந்தவளுக்கெல்லாம் உரிமையா என்றார்கள். பேரம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சட்ட வரைவை அலசிய சட்டமன்றக் குழுவின் உறுப்பினர் ஒருவர் பெட்டிச் செய்தியின் மேல் விரலை வைத்து, இந்த அம்மா மாதிரி இருப்பவர்களுக்கு மட்டும் என்றால் சரி என்றார். சட்டம் வந்தது: ஒரே வீட்டில் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் தங்கி வேலை செய்தவரை மூன்று மாத அவகாசம் தராமல் வெளியேற்றக் கூடாது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவரும் ஒரு துண்டு சாப்பிட்டார்.*

* அந்த இரண்டு பேரில் ஒருவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அப்போதே அவருக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். ‘பிறகுதான் உறைத்தது’ என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அதனால் எழுதவில்லை.

4

நேற்று ஆயாம்மா வந்தார். இப்போது வேறு வீடு, அங்கே நான்கு வருஷம். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; நாளை சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யும்படி மகன் சொல்லிவிட்டாராம். சட்டம் வந்த அன்றைய செய்தித்தாளை நான்காய் மடித்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

“நம்ம சட்டம் இருக்குல்ல சார், அதைச் சொல்லி ஒரு கடுதாசி குடுங்க. அவங்ககிட்ட காட்டுறேன்.”

பத்து வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று அறிக்கைக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஆயாம்மாவுக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“அப்ப நானே ஒன்றரை வருஷம்தான சார் இருந்தேன்? என் கதையை வச்சுத்தான சட்டம் போட்டாங்க?”

இயக்குநரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் உள்ளே நழுவினார். இயக்குநர் அம்மா கதவைச் சாத்தினார்.

“ரெண்டு பேரை ஒண்ணாக்கினதை இப்ப வெளிய சொன்னா இருக்கிற சட்டத்தையும் தூக்கிடுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும், பத்து வருஷத்தை ரெண்டு வருஷமாக்கச் சொல்லிக் கேப்போம்.”

அதில் நியாயமும் இருந்தது. அதுதான் வம்பு.

5

முதல் முடிவு: அவர் திரும்பி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். ஆயாம்மா மன்னிக்கிறார். [எவ்வளவு வசதி.]

இரண்டாவது: ஆயாம்மா கன்னத்தில் ஓங்கி அறைகிறார். இதுவும் வசதிதான், வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்த் தூங்கலாம்.

மூன்றாவது: அதே நேரம் சமையல்காரம்மாவும் வந்து சேர, இரண்டு பெண்களும் ஒன்றாக... [மறுபடியும் இருவரையும் சேர்க்கிறேன். கை பழகிவிட்டது.]

நடந்தது இது. வேறோர் அமைப்பின் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கே தங்க இடம் தருவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆயாம்மா இரண்டு தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

6

கெடு நாளை சாயங்காலம்.

என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. பழைய அறிக்கைகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒதுக்கினால் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம். இத்தனை பக்கம் சட்டம், குழு, இயக்குநர் என்று பேசினேனே, அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? ஆயாம்மாவின் போன் நம்பரும் என்னிடம் இருக்கிறது. அந்த முடிவை எழுதினால் நான் அதைச் செய்தாக வேண்டும், அதனால் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதிவிட்டு என்னிடம் காட்ட வேண்டாம், நேராக ஆயாம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.