கையுறை நுழையாத கதவு

சும்மா சொல்லக் கூடாது, நல்ல விமானம்தான். மலையுச்சி முகாம்களுக்கென்றே ராணுவம் கேட்டு வாங்கிய சின்ன விமானம். பட்டறை வேண்டாம், ஏணி வேண்டாம். எந்தப் பாகத்தையும் ஒரே ஸ்பேனரோடு ஒரே ஆள் பிரித்து மாட்டிவிடலாம். அதை வரைந்தவள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். கூடப் பிறந்த தம்பியே அதற்கு மெக்கானிக்காக மலைக்குப் போனபோது, "உனக்கு அங்க வேலையே இருக்காதுடா" என்று கேலி பேசித்தான் அனுப்பினாள்.

இப்போது அதே தம்பி சாட்டிலைட் போனில் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தான். அவளுடைய அலுவலக அறையில் எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விமானத்துக்குள் குண்டடிபட்ட இரண்டு பேர் கிடக்கிறார்கள். எரிபொருள் வடிகட்டி உறைந்துபோய் இஞ்சின் கிளம்பவில்லை. மாற்றுவதற்குப் புதியது இருக்கிறது. வெளியே மைனஸ் முப்பது டிகிரி.

"அக்கா, வடிகட்டிய மூடியிருக்குற இந்தச் சின்னக் கதவுல கையுறையோட கை போகல. மெல்லிசா துணி சுத்தினாக்கூட சிக்குது."

கதவின் அளவைச் சோதித்தது அவளேதான். ஹீட்டர் போட்ட கூடத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தன் வெறுங்கையை விட்டுப் பார்த்து, போதும் என்று கையெழுத்துப் போட்டாள். கதவு சின்னதானதால் எடை மிச்சம் என்று சந்தோஷம் வேறு. அங்கே நின்ற பத்து மேதாவிகளில் ஒருவருக்குக்கூடக் கையுறை என்ற ஒன்று நினைவுக்கு வரவில்லை.

"தகட்டை வெட்டிடவா?"

"வேணாம்டா. இறக்கையைத் தாங்குறதே அந்தத் தகடுதான். மேல போனதும் பிச்சுக்கும்."

"அப்ப வேற வழி? நீதானே வரைஞ்ச, சொல்லு."

வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு வழி இல்லை என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்தக் குளிரில் எரிபொருள் வெறுங்கையில் வழிந்தால் விரல்கள் அவ்வளவுதான்.

"அக்கா, உள்ள ஒருத்தன் முனகுறதை நிறுத்திட்டான். கையுறையைக் கழட்டிடவா?"

சின்ன வயதிலிருந்தே எதையும் அவளைக் கேட்டுத்தான் செய்வான். பாழாய்ப்போன அந்தப் பழக்கத்தை இன்றைக்காவது விட்டிருக்கக் கூடாதா?

"கழட்டு" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டு நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு முறை தம்பி அலறியது கேட்டது. பிறகு இஞ்சின் உறுமியது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேலதிகாரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கிளம்பிடுச்சுக்கா."

"கை எப்படிடா இருக்கு? ரொம்ப வலிக்குதா?"

"இப்ப இல்லக்கா. வலியே தெரியல."

வலி தெரிந்தால்தான் விரலில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"வலிக்குதுன்னு சொல்லுடா" என்று கெஞ்சினாள். "கொஞ்சமாவது வலிக்குதுன்னு சொல்லு."