மாடியில் நேரலை

உயிர் போன கணவன் சோலையின் கண்களை மூடிவிட்டுக் கையை எடுப்பதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கப்பொண்ணு சட்டென்று போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வந்தவர் ஜெய்சன், தென்கூடல் டிவியின் தயாரிப்பாளர். அலங்காநல்லூருக்கு வடக்கே இருந்த அந்தச் சின்ன ஊரின் ஜல்லிக்கட்டைத் தென்கூடல்தான் அன்று நேரலையில் காட்டியது. தனியாகக் காசு கட்டினவர்களுக்கு டிவியில் படம், கட்டாத சனத்துக்கு அதே கம்பெனியின் ரேடியோவில் குரல். வாடிவாசலுக்கு எதிரே சோலையின் வீடு இருந்ததால் மொட்டை மாடியில் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். நடுவீட்டின் வழியே தடித்தடியாக வயர்கள் ஓடின. வாசல் கதவைச் சாத்த முடியாது. கதவுக்கு வெளியே தெருவை அடைத்துக் கட்டைவேலி, வேலி முழுக்க மனிதத் தலைகள். மாடு ஓடி முடியும்வரை யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

மாடியிலிருந்து மைக்கில் வர்ணனை பேசிக்கொண்டிருந்தவன் அவள் மகன் பாண்டிராஜ். வருசக்கணக்கில் தென்கூடலுக்காக வீடு வீடாகக் கேபிள் பெட்டி மாட்டித் திரிந்தவன். வழக்கமாகப் பேசுகிறவர் கடைசி நேரத்தில் வராமல்போக, வாய்க்காரன் என்று பெயர் வாங்கிய இவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகப் பேசினால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. பேச்சுதான், எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் காலையில் அவன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மூச்சிரைக்கப் படியேறியதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"அம்மா, அந்த பிளக்கை மட்டும்..." என்று ஆரம்பித்த ஜெய்சன் கட்டிலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"எப்பம்மா?"

"இப்பத்தான் சார். கஞ்சி குடுக்கலாம்னு எழுப்புனேன். எந்திரிக்கல. எம் மகனைக் கீழ வரச் சொல்லுங்க."

ஜெய்சன் வாசலை ஒருதரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கூப்பிட்டா அவ்வளவுதாம்மா. ஊருக்குள்ள சாவுன்னு தெரிஞ்சா வாடிய அடைச்சிருவாங்க. கம்பெனி நட்டத்தை விடுங்க. பாண்டி வீட்டாலதான் நின்னுச்சுன்னு பேராயிரும். அப்புறம் அவனுக்கு நான் எதுவும் செய்ய முடியாது. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கங்கம்மா."

போகும்போது சோலையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார். கெட்ட மனுசனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

கத்தினால் மாடிக்குக் கேட்கும். தொண்டைவரை வந்தும் விட்டது. அந்த நேரம் பார்த்து, "ஆத்தாடி, என்னா பாய்ச்சல்! தொட்டுப் பாருய்யா, தொட்டுப் பாரு!" என்று மகன் குரல் டிவியில் துள்ளியது. அவன் பிறந்து இந்தக் குரலை அவள் கேட்டதில்லை. சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வாய் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துகொள்ளும். துண்டை எடுத்துத் தாடையைச் சுற்றி, காதையும் மறைத்து, சளி பிடித்தவருக்குக் கட்டுவதுபோலக் கட்டினாள். முகத்தை டிவி பக்கம் திருப்பி வைத்தாள். டிவியை அணைக்கவும் பயமாக இருந்தது. மகன் பேசுகிற அன்றைக்கு அணைத்தால் வேலியிலிருந்து யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

வேலியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு முத்துக்கருப்பன் உள்ளே தலையை நீட்டினான். "அத்தே, ஒரு செம்பு தண்ணி. என்னா, இம்புட்டுச் சத்தத்துலயும் மாமா தூங்குறாரு?"

"ராத்திரி பூராம் இருமலுப்பா. இப்பத்தான் கண்ணசந்தாரு."

"குடுத்து வச்ச மனுசன்" என்று சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

ஒத்தக்கடையிலிருந்து மகள் முத்துமீனா போன் போட்டாள். "எம்மா, அண்ணன் பேசுறதைக் கேக்குறியா? இங்க எங்க தெருவே கேக்குது. அப்பா என்னா சொன்னாரு?"

"என்னத்தச் சொல்லுவாரு. பாத்துக்கிட்டு இருக்காரு."

"போனை அவர்ட்டக் குடு."

"மாடு வருதுடி, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாள். பெற்ற மகளிடம் வாய் கூசாமல் பொய் வந்ததை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பிறகு அந்த ஆத்திரம் சோலையின்மேல் திரும்பியது. இத்தனை காலம் இழுத்துக்கொண்டு கிடந்த மனுசனுக்கு இன்னும் ஒரு பகல் பொறுக்கத் தெரியவில்லை.

"நம்ம ஊரு காளை வருது! எங்க அப்பா கீழ படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்காரு. எப்பா, ஒரு விசில் அடிங்கப்பா!" என்றான் பாண்டி. தெருவே அவருக்காக விசில் அடித்தது. அவள் கணவனின் கையைப் போர்வைக்குள் தேடிப் பிடித்தாள். விரல்கள் அதற்குள் மடங்க மறுத்தன.

கடைசி மாடும் ஓடி, வேலியை அவிழ்க்கத் தொடங்கியபோது, மாடியில் ஜெய்சன் ஏதோ மெல்லப் பேசுவது கேட்டது. பிறகு படிகளில் யாரோ உருண்டு வருகிற சத்தம். பாண்டிராஜ் வந்து அப்பாவின்மேல் விழுந்தான். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தங்கப்பொண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார்கள். பகலெல்லாம் அவள் விழுங்கிய அழுகை இப்போது வா என்றால் வரவில்லை.

பாண்டிக்கும் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. விறைத்த கையை எடுத்துப் பார்த்தான், தாடைக்கட்டைப் பார்த்தான். எப்போது போன உயிர் என்று புரிந்துவிட்டது. திரும்பி அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். உதடுகள் அசைந்தன.

"என்னத்தா கேக்குறான் புள்ள?" என்றாள் ஒருத்தி.

ஏம்மா என்னைக் கூப்பிடல? அவளுக்கு மட்டும் புரிந்தது. பாண்டி மறுபடியும் கேட்டான், மறுபடியும் சத்தமில்லை. படியடியில் ஜெய்சன் தலையைக் குனிந்து நின்றார்.

"தண்ணி கேக்குறான்" என்றாள் தங்கப்பொண்ணு.

யாரோ ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.