பேரி மரம் விழுந்த சனிக்கிழமை

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்குக் குரல்தான் சொத்து. நாற்பது வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்துவிடுவாள். தான் சொன்னது ஒருவர் காதில் மாறி விழும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பனி உருகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் கண்கொண்டு பார்க்க முடியாத கோலத்தில் கிடந்தது. சருகெல்லாம் ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தது. வேலிப்பலகை இரண்டு குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றன. மூன்று வருஷமாகத் திரும்பிப் பார்க்காதவளுக்கு இன்றைக்கு என்ன அவசரம் என்றால், சாயங்காலம் மகள் வருகிறாள்.

தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன மகள். மூன்று வருஷம் பேச்சே இல்லை. போன வாரம் தானாகவே போன் செய்து, "நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்றவள், வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். "என் பேரி மரம் இருக்கா?"

கேட்காமல் என்ன செய்வாள்? ஏழு வயசில் பள்ளியில் கொடுத்த கன்றை அவளே நட்டு வளர்த்தது. அவள் பெட்டியோடு படியிறங்கிய அன்று அம்மாக்காரி தெருவே கேட்கக் கத்தினாள்: "நீ போனா அந்த மரத்தை வெட்டி எறிஞ்சிடுவேன்!" ஆத்திரத்தில் வந்த வார்த்தை. அதற்கப்புறம் அந்த மரத்தின் பக்கம் போகவே அவளுக்குக் கூசியது.

எலக்ட்ரீஷியன் தம்பி மெஷின் ரம்பம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, மனைவியோடு காலையிலேயே வந்துவிட்டான். மனைவி சருகை வாரி மூட்டை கட்டினாள். "அண்ணி, இது தோட்டமா காடா? உள்ளே புலி கிலி இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று சிரித்தாள்.

வேலியோரம் இரண்டு மரங்கள். ஒன்று பட்டுப்போனது, வெட்ட வேண்டியது; மற்றது பேரி. இலை விடாத பருவம், இரண்டும் ஒரே மாதிரி மொட்டையாக நின்றன. தம்பி மெஷினை உறுமவிட்டு, காதுமூடியை ஒரு பக்கம் தூக்கி, "எதை வெட்டணும்க்கா?" என்று கத்தினான்.

"பேரியை விட்டுடு!" என்று சமையலறை வாசலிலிருந்து சொன்னாள்.

அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவள் டீ போட உள்ளே போனாள்.

தட்டோடு வெளியே வந்தபோது பேரி தரையில் கிடந்தது. வெட்டுப்பட்ட இடம் பச்சையாக, ஈரமாக இருந்தது. கிளை நுனியெல்லாம் மொக்கு. பட்ட மரம் அலுங்காமல் நின்றது.

தட்டு கையை விட்டுப் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடா பண்ணிட்டே?"

"நீதானேக்கா பேரியை வெட்டிடுன்னே?"

"விட்டுடுன்னேன்டா பாவி! விட்டுடு!"

தம்பி காதுமூடியைக் கழற்றினான். மனைவி மெதுவாக, "எனக்கும் வெட்டிடுன்னுதான் விழுந்துச்சு அண்ணி" என்றாள்.

இதை யார் நம்புவார்கள்? சொன்னதைச் செய்தே தீருவாள் என்று பேர் எடுத்த பிடிவாதக்காரி அவள். மகள் வருகிற நாளாகப் பார்த்து வெட்டியிருக்கிறாள் என்றுதானே தோன்றும்? வாய் தவறி அவளே அப்படிச் சொல்லிவிட்டாளோ?

"வேற ஒண்ணு வாங்கி நட்டுடலாம்க்கா."

"இருபது வயசு மரம் எந்தக் கடையிலடா விக்குது?"

வந்து பார்த்து அதிர்வதைவிட முன்னாடியே தெரியட்டும் என்று போனை எடுத்தாள். மகள் வழியில் இருந்தாள்.

"மரம் போச்சும்மா. விட்டுடுன்னேன், உங்க மாமா காதுல வெட்டிடுன்னு விழுந்துடுச்சு. இப்பத்தான்." சொல்லும்போதே அவள் காதுக்கே அது அப்பட்டமான பொய்யாகக் கேட்டது.

மறுபக்கம் ஓர் ஆண்குரல். மருமகன் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்கிறாள். "வண்டியைத் திருப்பிடட்டுமா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வேணாம், ஓட்டு" என்றாள் மகள். பிறகு போனில், "பொய் சொல்றதா இருந்தா நீ இதைவிட நல்லதா ஒண்ணு சொல்லியிருப்பேம்மா. வை, வரேன்."

அவள் ஈரச் சருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி பதறி ஓடிவந்தான். "என்னக்கா சொன்னா?"

"வராளாம்டா."