ஜனவரி முதல் ஏப்ரல் வரை

தாளில் முப்பத்தாறு கட்டங்கள். மாதத்துக்கு ஒன்று. அந்த மாதம் லாய்ட் எங்கே படுத்தார் என்பதை ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். காலெப் இருபத்தாறை நிரப்பிவிட்டான். ஆற்றங்கரை, ஆற்றங்கரை, பாலத்தடி, மறுபடி ஆற்றங்கரை.

காரில் பக்கத்து இருக்கையில் லாய்ட் சூப் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. கூரை வேலைக்காரர். விழுந்து இடுப்பு முறிந்தது. வேலை போனது, பிறகு வாடகை வீடு போனது. ஸ்போகேன் ஆற்றோரம் கூடாரம் போட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு வீடு பிடித்துத் தருவதுதான் காலெப்பின் வேலை.

"ஹீட்டர் நல்லா இருக்கு தம்பி. வீடு வேணாம், இந்தக் காரையே என் பேருக்கு எழுதிக் குடுத்துடு."

"இது ஸ்டார்ட் ஆகறதே சந்தேகம். வாங்கினா நீங்கதான் தள்ளணும். சரி, இந்த வருஷம் ஜனவரி?"

"ஷெல்பி வீட்ல."

பேனா நின்றது. "யாரு ஷெல்பி?"

"என் பொண்ணு. ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அங்கதான். ஏப்ரல் பதினொண்ணாம் தேதி தவறிட்டா. மாசக் கடைசி வரைக்கும் இருந்தேன். வாடகை வீடு, அவ பேர்ல இருந்தது. மேனேஜர் நல்ல மனுஷன்தான். தொப்பியக் கழட்டிட்டு வந்து சொன்னான், ஒப்பந்தத்துல உங்க பேரு இல்லையேன்னு."

காலெப் பேனாவை மூடினான். இந்த வீட்டுக்கு விதி ஒன்றுதான். கடைசிப் பன்னிரண்டு மாதமும் தொடர்ந்து வெளியில் கிடந்திருக்க வேண்டும். நடுவில் ஏழு ராத்திரி ஒரு வீட்டுக் கூரைக்குக் கீழே படுத்திருந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதை லாய்டிடம் சொன்னான்.

"அப்ப, அவ என்னைக் கூட்டிட்டுப் போனது இப்ப எனக்கு எதிரா நிக்குது."

"நான் ஆற்றங்கரைன்னே எழுதிடறேன். கண்ணால பாத்தேன்னு கையெழுத்தும் போடறேன். யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

"நீ பாத்தியா?"

"இல்ல."

லாய்ட் கோப்பையைக் கால்களுக்கு நடுவே வைத்தார்.

"எட்டு வருஷம் அவ என்கிட்ட பேசல. குடிச்ச காலத்துல நான் பேசின பேச்சு அப்படி. இனி கொஞ்ச நாள்தான்னு டாக்டர் அவகிட்ட சொன்ன அப்புறம் அவளே தேடிட்டு வந்தா. ஒவ்வொரு கூடாரமா குனிஞ்சு பாத்திருக்கா. என்னைப் பாத்ததும் என்ன சொன்னா தெரியுமா? 'நாறுது. வண்டில ஏறு.' அவ்வளவுதான்." அவர் லேசாகச் சிரித்தார். "முட்டை மட்டும்தான் அவளுக்கு உள்ள போகும். நான் பொரிச்ச முட்டை. தலையை நான்தான் மழிச்சு விட்டேன். ஒருநாள், 'உன் ரூம்ல லைட் எரியுதுப்பா, அணை'ன்னா. உன் ரூம்னு சொன்னா தம்பி."

காலெப் தாளில் காலியாக இருந்த கட்டங்களைப் பார்த்தான்.

"அதைப் போய் ஆத்தங்கரைன்னு எழுதச் சொல்றே."

காலெப்பின் மனைவி டெஸ் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்த வாரமே அலுவலகத்தில் காப்பீட்டுத் தாள் ஒன்று வந்தது. மணமானவர், மணமாகாதவர் என்று இரண்டே கட்டங்கள். காலெப் இரண்டாவதில் குறி போட்டான். ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு காரில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை. அதற்குப் பிறகும்தான்.

"வெறும் தாள்தானே லாய்ட்," என்றான். அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இதுதான். "ரெண்டாவது மாடி. ஜன்னலுக்கு நேரா பேக்கரியோட பின்பக்கம், காலையில வாசனை வரும். அடுப்பு இருக்கு. கதவுக்குப் பூட்டு இருக்கு. நாலு மணிக்குள்ள தாள் போகலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"அடுத்தது யாரு?"

"சொல்லக் கூடாது."

"நம்ம ஆத்தங்கரையில இருக்காளே, கான்னியா?"

காலெப் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"கான்னின்னா சரி. அவ கால் இந்தக் குளிரைத் தாங்காது. ஆனா ஒண்ணு, சமைக்கத் தெரியாது. அடுப்பு வீண்."

லாய்ட் பேனாவை வாங்கிக்கொண்டார். நான்கு கட்டத்திலும் ஷெல்பி வீடு என்று தானே எழுதினார். எழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் ஏறியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மீதி ஆறிலும் ஆற்றங்கரை என்று போட்டு, கீழே கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மே மாதத்திலிருந்து எண்ணினால் அடுத்த ஏப்ரல் கடைசியில்தான் பன்னிரண்டு மாதம் நிறையும். இப்போது அக்டோபர். நடுவில் பனிக்காலம் முழுதும் கிடக்கிறது. காலெப் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. சொல்லாமல் விடவும் முடியாது.

"வீடில்லாதவங்களுக்கான முகாம்ல இடம் கெடச்சா படுங்க, அதுவும் வெளியில கிடந்த கணக்குல சேரும். ஆனா குளிர்ல யாராவது பாவம்னு வீட்டுக்குக் கூப்பிட்டா..." நிறுத்தினான். "ஏழு ராத்திரி தங்கிடாதீங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆயிடும்."

"அந்தக் கவலை உனக்கு வேணாம்," என்றார் லாய்ட். "என்னைக் கூப்பிட இருந்தது ஒருத்திதான்."

சூப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். இடுப்பு பிடித்திருந்ததால் கதவைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டுச் சரிவில் இறங்கி நடந்தார்.

அவர் தலை மறையும்வரை காலெப் காத்திருந்தான். மணி மூன்றரை. கான்னியின் எண்ணைப் போட்டான். அவள் எடுத்தாள்.

"நல்ல செய்தி கான்னி," என்றான். குரலில் மகிழ்ச்சியை வரவழைக்க இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.