செவலையின் வயிறு

கோடை விழா வாரத்தில் ஏற்காட்டுக்கு வைக்கோல் லாரி ஏறவில்லை. மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வண்டிகள். ஏரிக்குப் பின்புறம் இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே, தகரக் கொட்டகையில் மல்லிகா வைத்திருந்தது ஒரே ஒரு பசு. செவலை என்று பெயர். அதன் பால்தான் அந்தத் தெரு முழுக்கப் போனது. முன்பு மாடுகள் மேய்ந்த சரிவுகளை ரிசார்ட்டுகள் வேலி போட்டு அடைத்துவிட்டன. அதனால் காலையில் பால் ஊற்றி முடித்ததும் செவலையை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவிழ்த்துவிடுவாள். அது கிடைத்ததைத் தின்றுவிட்டு வந்து சேரும்.

அவள் கணவன் செல்வராஜ் ஓட்டல் சப்ளையர். மாடு காலித் தொட்டியை நக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஓர் இரவு ஓட்டல் விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரு டிரம்மில் கொண்டுவந்து கொட்டகை ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் அளவாக வைக்கலாம் என்று நினைத்தான்.

விடிந்ததும் பால் கறக்கப் போன மல்லிகா அலறினாள். கயிறு அறுந்து கிடந்தது. டிரம் காலி. செவலை பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருந்தது. இடப்பக்க வயிறு ஊதி நின்றது. தொட்டால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம்.

"சோத்த ஏனுங்க இங்க வெச்சீங்க? மாட்டக் கொன்னுட்டீங்களே!"

"பட்டினி கெடக்குதேன்னுதான் புள்ள..." என்றான் செல்வராஜ்.

கால்நடை மருத்துவர் பிரிஸ்கில்லா வாழவந்தியில் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். போன் கிடைக்கவில்லை. பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு ஷெர்லின் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

"ஏறுங்கக்கா, போய்க் கூட்டிட்டு வந்துரலாம்."

"ஒருக்களிச்சுச் சாய உட்றாதீங்க!" என்று கணவனிடம் கத்திக்கொண்டே மல்லிகா ஏறினாள். வழி நெடுக அவள் வாய் செவலையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

முகாமை உதவியாளரிடம் விட்டுவிட்டு, மல்லிகாவையும் ஏற்றிக்கொண்டு டாக்டர் உடனே ஜீப்பில் கிளம்பினார். ஆனால் ஏரி முனையில் வண்டிகள் அசையவே இல்லை. டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். மல்லிகா மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே ஓடினாள். யாரோ ஒருவர் கார் கண்ணாடியை இறக்கி, போட் ஹவுஸுக்கு எப்படிப் போவது என்று அவளிடம் கேட்டார்.

கொட்டகையில் செல்வராஜ் தன் முதுகையே மாட்டுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். டாக்டர் செவலையின் கண்ணை விரித்துப் பார்த்தார்.

"சோறு புளிச்சு, அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறுதுங்க. வயித்தக் கிழிச்சு எடுத்தாத்தான் உண்டு. பொழைக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"கிழிங்க டாக்டரம்மா. எங்களுக்கு வேற பொழப்பு இல்லீங்க" என்றாள் மல்லிகா.

மரத்துப்போக ஊசி போட்டு டாக்டர் கத்தி வைத்தார். செல்வராஜ் வாளி பிடித்தான். புளித்த சோறு கை கையாக வந்தது. முந்தின நாள் அவனே விருந்தாளிகளுக்குப் பரிமாறிய சோறு. கறிவேப்பிலையும் பட்டையும் அதில் அப்படியே இருந்தன. வாளியை நிரப்பி நிரப்பிக் கொண்டுபோய்க் கொட்டினான். மல்லிகா அவனை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு டாக்டரின் கை உள்ளே எதிலோ சிக்கியது. மெதுவாக இழுத்தார். கயிறுபோல் முறுக்கிய பிளாஸ்டிக் பைகள் வந்தன. அதோடு சிப்ஸ் பாக்கெட், பலூன், ஒரு குழந்தையின் சாக்ஸ்.

"இது நேத்துத் தின்னதில்லீங்க. பல மாசமாச் சேந்தது. இதும் இருந்ததாலதான் மாடு இவ்வளவு சீக்கிரம் விழுந்திருச்சு. வெளிய அவுத்து உடுறீங்களா?"

தினமும் கயிற்றை அவிழ்த்து, முதுகில் தட்டி அனுப்பியவள் மல்லிகாதான். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்வராஜ் வாளியை வைத்துவிட்டு அவளருகே வந்தான்.

"உன் மேல தப்பில்ல புள்ள. வேற எங்கதான் மேய்ப்ப?"

அப்போதுதான் அவள் அழுதாள்.

இரண்டு நாள் செவலை தலையைத் தூக்கவில்லை. பாட்டில் பாட்டிலாக மருந்து ஏறியது. புளிப்பை முறிக்கப் பக்கத்து பேக்கரிக்காரர் சோடா உப்பு கொடுத்தார். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக ஊற்றினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் செவலையின் தாடை மெல்ல அசைந்தது. அசை போடுகிறது என்று புரிந்ததும் மல்லிகா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

ஆனால் மடி வற்றிப்போயிருந்தது. "இந்த ஈத்துக்கு, அடுத்த கன்னு போடுற வரைக்கும், பால எதிர்பாக்காதீங்க" என்றார் டாக்டர்.

இனிப் பால் இல்லை என்று வீடு வீடாகப் போய் மல்லிகா சொன்னாள். எல்லார் வாசலிலும் பாக்கெட் பால் தொங்கத் தொடங்கியிருந்தது. ஷெர்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா பண்றது, கொழந்தைக்கு வேணுமே" என்றாள்.

"வாங்கிக்க கண்ணு. அதுக்கென்ன."

மறுவாரம் மல்லிகா பக்கத்து லாட்ஜில் அறை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். செல்வராஜ் வேலைக்கு முன் முதல் பஸ்ஸில் தலைச்சோலைக்குப் போய்ப் புல் அறுத்து வருகிறான். சூலுமில்லாமல் பாலுமில்லாமல் நிற்கும் மாட்டை விற்றுவிடச் சொல்லி இரண்டு பேர் வந்து கேட்டார்கள். வந்தவர்கள் கறிக்கடைக்கு மாடு பிடிப்பவர்கள் என்று தெரிந்ததும் மல்லிகா கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டாள்.